நாலு இட்லி, காரச் சட்னி

ஜனவரி 5, திங்கள்

தஸ்தகீர் பாய் மளிகைக் கடையில் கொடுத்த டைரி இது. போன வருஷத்துது. "புதுசு தீந்துடுச்சிக்கா, பழசுதான் இருக்கு" என்றார். "என் மூளையும் பழசுதான் பாய், ஜோடி பொருத்தம் சரியா இருக்கும்" என்றேன். சிரித்தார்.

தினமும் ஏதாவது எழுது, மறதிக்கு நல்லது என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லியிருக்கிறார். அஞ்சாங்கிளாஸ் படித்தவள் என்னத்தை எழுதுவது? கொளஞ்சியம்மாள், இட்லிக் கடை, கருணாபுரம். இது மறக்கவில்லை.

மார்பில் கட்டி. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஊசி போட்டு, கரண்ட் வைத்து, தீபாவளியோடு வைத்தியம் முடிந்தது. முடி மறுபடி முளைக்கிறது, தேங்காய் நார் மாதிரி. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் தெருவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 7, புதன்

இட்லித் தட்டில் விரிக்கிற துணி. அந்தத் துணி என்கிற சொல் இன்று வரவில்லை. "அத எடு. அதான், ஈரமா விரிப்பமே, அது" என்று வீட்டுக்காரரிடம் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். (சுப்புராயன் என்று அவர் பேரை இங்கே எழுதலாம். டைரி யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது.) ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கரியாலூர் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்குகிற மனுஷன். வாய் பேசாது, கண் பேசும். அந்தக் கண்ணை நான் பார்க்கவில்லை.

ஜனவரி 10, சனி

சட்னிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். பாய் சாப்பிட்டார், தண்ணீர் கேட்டார், மறுபடி தண்ணீர் கேட்டார், எழுந்து போனார். அப்புறம்தான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல்.

முன்னால் காரம் கொஞ்சம் ஏறினாலே "அக்கா, யார் மேல கோவம்?" என்று கேட்கிற ஆள். இன்று வாயைத் திறக்கவில்லை. உப்பு கூடிப்போனதில் வெட்கமில்லை. அவர் பேசாமல் போனாரே, அதுதான்.

ஜனவரி 19, திங்கள்

எப்படி எழுதுவது.

அம்சவள்ளி அண்ணி சித்தாள் வேலைக்குப் போகும் முன் வந்தாள். தினமும் வருகிறவள்தான். மக அபிநயாவுக்கும் அவளுக்கும் இட்லி. கடையில் பெஞ்சு நிறைய ஆள். நான் குஷியாக இருந்தேன். பெஞ்சில் இருந்த ஒவ்வொருத்தரையும் கிண்டல் பண்ணி முடித்து அவளிடம் வந்தேன். இலையைக் கிழித்தேன், நாலு இட்லி வைத்தேன், காரச் சட்னியைத் தனியாகக் கட்டினேன். "இந்தா. மகாராஜா இன்னும் எழுந்திருக்கலயா? தண்ணி தெளிச்சி எழுப்பு அண்ணி, மணி ஆவுது" என்று நீட்டினேன்.

மகாராஜா என்றால் கலையரசன் அண்ணன். அவள் புருஷன். என் கூடப் பிறக்கவில்லை, ஆனால் அண்ணன்தான். நாலு இட்லி, காரச் சட்னி அவருடைய பொட்டலம். லேட்டாக எழுந்திருப்பார் என்று தினமும் இதையே சொல்லிக் கிண்டல் பண்ணுவேன்.

அண்ணன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. சாராயச் சாவில், இந்தத் தெருவில் வரிசையாகப் பிணம் கிடந்ததே, அதில் ஒன்று. நான்தான் அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்தான்.

பெஞ்சில் ஒருத்தரும் மெல்லவில்லை. அண்ணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். போய்விட்டாள்.

அடிப் பாவி. கட்டி மூளையில வந்திருக்கக் கூடாதா, அப்பவாச்சும் மன்னிப்பாங்களே. இன்னாடி கொளஞ்சி பண்ணிட்ட.

ஜனவரி 20

கடை திறக்கவில்லை. மாவு புளித்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன்.

ஜனவரி 23, வெள்ளி

ஆஸ்பத்திரி. நர்சம்மாவிடம் மட்டும் சொன்னேன். வாய் குழறியது. "கீமோ ஊசி போட்டவங்க நெறய பேருக்கு இப்படி ஆவுதும்மா. மறதி, சொல்லு வராம நிக்கிறது, பண்ண வேலையவே திரும்பப் பண்றது. உங்களுக்குப் பைத்தியம் கிடையாது. போகப் போகக் கொறையும், சிலருக்கு நாளாவும். ஒரு நேரத்துல ஒரு வேலையச் செய்யுங்க. வீட்ல சொல்லிட்டீங்களா?"

சொல்லிவிட்டேன் என்றேன். பொய்.

மார்பு போனதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. "ஒரு பக்கம் சும்மா கெடக்கு, வாடகைக்கு விடலாம்" என்று நானே சொல்லிச் சிரிப்பேன். இதை வைத்து மட்டும் கிண்டல் வரவில்லை. என்னிடம் இருந்தது இந்த வாய் ஒன்றுதான். அதற்குள்ளேயே பூச்சி விழுந்துவிட்டால்?

ஜனவரி 27, செவ்வாய்

அபிநயாவைத் தெருமுனையில் பார்த்தேன். அவளுக்குத் திருநாவலூர் மாப்பிள்ளை, வருகிற எட்டாம் தேதி கல்யாணம். "அத்த" என்று கூப்பிட்டாள். காது கேட்காதவள் மாதிரி வேறு சந்தில் திரும்பிவிட்டேன். பால் வாங்கப் போனவள் பால் இல்லாமல் வந்தேன்.

அவள் வயசுக்கு வந்து மஞ்சத்தண்ணி சுற்றினபோது அத்தை இடத்தில் நின்றவள் நான். கல்யாண நலங்கில் மாப்பிள்ளை வீட்டைக் கேலி பண்ணிப் பாடுவதும் அத்தைதான். அந்த இடம் அண்ணனால் எனக்கு வந்தது. அவர் செத்ததையே மறந்தவளுக்கு அங்கே என்ன இடம்?

ஜனவரி 31

எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வைத்துவிட்டார்களாம். இங்கே வரவில்லை. "வரும் புள்ள" என்கிறார் சுப்புராயன்.

பிப்ரவரி 2, திங்கள்

அண்ணி வந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டோடு. நான் அடுப்படியிலேயே நின்றேன்.

"உப்பு பாக்கறதுக்கு ஆளு வெச்சியா இல்லியா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் குடுத்தியே பொட்டலம். வூட்ல வெச்சிக்கினு அழுதேன். உன்ன நாலு அறை வுடணும்னுதான் இருந்துச்சி. அபி பசிக்குதுன்னா. சரின்னு பிரிச்சித் தொட்டு வாயில வெச்சோம் பாரு." நாக்கை நீட்டிக் காட்டினாள். "உங்க அண்ணன் உயிரோட இருந்திருந்தா அந்தச் சட்னியிலயே போயிருப்பாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் நிற்க, அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

"அண்ணி, ஊசி போட்டதுலேர்ந்து எனக்கு மறக்குது. வேணும்னு கேக்கல. அண்ணன் போனதே எனக்கு அன்னிக்கி…"

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"தெருவுக்கே தெரியும். நீதான் மூடி வெச்சிருக்கறதா நெனச்சிக்கினு கீற."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"உங்கிட்ட வாயக் குடுத்துட்டு யாரு வாங்கிக் கட்டிக்கறது?"

நலங்குக்கு வேறு யாரையாவது வைத்துக்கொள் என்றேன். பாட்டு பாதியில் நிற்கும், ஆள் மாற்றிப் பேசுவேன், சபையில் உன் மானம் போகும் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. தட்டை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"அவரு பேர எவளும் எடுக்கறதில்ல, தெரியுமா. எடுத்தா நான் அழுவனாம். ஒன்னர வருஷமா எங்க வூட்ல ஆம்பள ஒருத்தன் இருந்த மாதிரியே யாரும் பேசல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வெள்ளிக்கெழம அவருக்குப் படையல். நாலு இட்லி, காரச் சட்னி. நீதான் கொண்டாரணும். உப்ப நான் பாக்கறேன்."

ராத்திரி சுப்புராயனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ம்" என்றார். அப்புறம், "துணி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ கைய ஆட்னா போதும்" என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

கல்யாணச் சேதியைச் செத்தவருக்குச் சொல்லிப் படைக்கிற நாள். போட்டோவுக்கு முன் புது வேட்டி, வெற்றிலை, பழம். பொட்டலத்தை நான் வைத்தேன். வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். அண்ணி முழங்கையால் இடித்தாள். "கேளு."

"மகாராஜா இன்னும் எழுந்திருக்கலயா? பொண்ணுக்குக் கல்யாணம் அண்ணே" என்றேன்.

இந்தத் தடவை தெரிந்துதான் கேட்டேன். அபிநயா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 8

நலங்குப் பாட்டில் இரண்டாவது அடி ஓடிவிட்டது. மாப்பிள்ளை பேரும் கூடவே ஓடிவிட்டது. "எங்க நாத்தனாவுக்கு உப்பும் நெலைக்காது, பேரும் நெலைக்காது" என்று அண்ணி சபையில் எடுத்துவிட்டாள். திருநாவலூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முகம் சுட்டது. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

மூணு வாரம் கழித்துக் கடை திறந்தேன். தஸ்தகீர் பாய் ஒரு வாய் வைத்தார். மென்றார். என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார்.

"அக்கா, உப்பு கம்மி."

அரைக் கல் உப்பை அவர் இலையோரத்தில் வைத்தேன்.