நவம்பருக்கு ஒதுக்கிய இடம்

8 ஜனவரி 1979, திங்கள்

பனி. செங்கல்பட்டில் ஸ்டாஃப் பஸ் தாமதம். எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்றே தெரியவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் வெயில். கடைவாய்ப் பல் வலி மறுபடியும். கிராம்பு.

போனதும் சம்பத் சார் கூப்பிட்டார். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். டிஸ்க் நிரம்பிவிட்டதாம். பொங்கல் முடிந்ததும் டெல்லிக்காரர்களின் பெரிய கணக்கு ஒன்றை ஓட்டியாக வேண்டும், அதற்கு இடம் இல்லை. புது டிஸ்க் கேட்டால் இறக்குமதி லைசென்ஸ். அது எந்தக் காலத்தில் வருமோ.

"இருக்கறதுலயே இடம் பண்ணு எஸ்தர். யார் யார் சும்மா அடைச்சு வெச்சிருக்காங்கன்னு பாரு."

இடமே இல்லை என்பதும் சரியில்லை. இருக்கிறது, துண்டு துண்டாக. பஸ்ஸில் அங்கொரு சீட் இங்கொரு சீட் காலி, குடும்பத்தோடு ஏறுகிறவர்கள் சேர்ந்து உட்கார முடியாது. அந்தக் கதைதான். செய்ய வேண்டியவை:

— யாரும் தொடாத ஃபைல்களை அழிப்பது
— முன்கூட்டி ஒதுக்கி, நிரப்பாமல் விட்ட இடங்களைத் திரும்ப எடுப்பது
— மிச்சத்தை டேப்பில் இறக்கி, டிஸ்க்கைத் துடைத்து, இடைவெளி இல்லாமல் நெருக்கி மறுபடி ஏற்றுவது

மூன்றாவதுதான் பயம். துடைத்த பிறகு டேப் படிக்க மறுத்தால் எல்லோர் உழைப்பும் போச்சு. இரண்டு பிரதி எடுக்க வேண்டும். மறக்காமல் கேட்க.

மத்தியானம் டிஸ்க்கை அலசினேன். நிரப்பாமல் கிடப்பதிலேயே பெரிய இடம் குணசேகரனுடையது, எங்கள் குணாவுடையது. கடல் அலைகளின் உயரம். அக்டோபர் கடைசி வரை எண்கள். அதற்குப் பிறகு நவம்பர், டிசம்பர், ஜனவரிக்கு என்று பிடித்து வைத்த இடம். உள்ளே ஒன்றுமே இல்லை.

மேலே பார்க்காமல் எழுந்துவிட்டேன்.

9 ஜனவரி, செவ்வாய்

நோட்டீஸ் ஒட்டியாயிற்று. 'தேவையானதைச் சொல்லுங்கள், சொல்லாதவை அழிக்கப்படும்.' உடனே எல்லோருக்கும் எல்லாம் தேவை. ஒருவர் ஜாதகம் கணிக்கும் புரோகிராமைக்கூட 'அவசியம்' என்றார்.

ஆபரேட்டர் தேவராஜ் சிரித்தான். "வுடு எஸ்தரம்மா. உயிரோட கீறவன் எவனும் எடம் குடுக்க மாட்டான். செத்தவன் எடத்துக்குத்தான் கேக்க ஆளில்ல."

வாயை மூடச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவனும் குணாவும் ஒரே பீடியைப் பங்கு போட்டவர்கள். தப்பாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னான்.

குணா: மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்து ஆள். அங்கிருந்து எம்.எஸ்ஸி. படித்து ஆராய்ச்சிக்கு வந்த முதல் பையன். கடலில் மிதவை, அதில் அலையைப் பதியும் கருவி. கட்டுமரத்தில் போய் பதிவை எடுத்து வருவான். செருப்பில் மணலோடு நேராக மெஷின் ரூமுக்குள். நான் கத்துவேன், மணல் பட்டால் டிஸ்க் கீறிப் போகும் என்று. "ரெண்டு மணலுக்கு இந்தக் குதி குதிக்கிற!" செப்டம்பரில் வந்து நின்றான்: "மழ சீசன் முழுக்க எனக்கு எடம் புடிச்சு வெச்சிடு எஸ்தரு. அப்பால எவனாவது வந்து குந்திக்குவான்." நான்தான் ஒதுக்கிக் கொடுத்தேன்.

நவம்பரில் புயலுக்கு முன்னால் கருவியை எடுக்கப் போனான். கட்டுமரம் கவிழ்ந்தது. கூடப் போன தாய்மாமன் நீந்திப் பிழைத்தார். குணா பிணமாகத்தான் கோவளம் பக்கம் ஒதுங்கினான்.

யாரும் போகச் சொல்லவில்லை, தன் இஷ்டத்துக்குப் போனான் என்று நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நானும் நம்பினேன். கடலைக் கண்டால் சும்மா இருக்க மாட்டான் என்று.

விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்தது.

10 ஜனவரி, புதன்

டாக்டர் நடராஜனிடம் போனேன். குணாவின் வழிகாட்டி அவர்தான். ஃபைலை வைத்திருக்க வேண்டுமானால் யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்றேன்.

காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் வரவழைத்தார். அன்பாகத்தான் பேசினார்.

"காலி இடத்தை எடுத்துக்கோம்மா. மத்ததை என் பேருக்கு மாத்திடு. அடுத்த மாசம் டெல்லியில கட்டுரை படிக்கிறேன்."

"குணா பேரு சார்?"

"கடைசியில நன்றின்னு ஒரு வரி போடுவேனே. நல்ல பையன். ஆனா முடுக்கிவிட்டாத்தான் வேலை நடக்கும். அன்னிக்குக்கூட நான் ஜீப் அனுப்பித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. கருவி வந்திருந்தா இந்த சீசனும் கையில இருந்திருக்கும்."

ஜன்னல் வழியே கடல். அவர் அறையிலிருந்து நன்றாகத் தெரிகிறது.

சரி சார் என்று வந்துவிட்டேன். பாதி வராந்தாவில்தான் உறைத்தது. ஜீப்?

11 ஜனவரி, வியாழன்

பல் டாக்டர் என்று பொய் சொல்லி அரை நாள் லீவு. பஸ்ஸில் மாமல்லபுரம், அங்கிருந்து நடை. வெயில் சுள்ளென்று. வெள்ளைக்காரர்கள் இருவர் வலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குணாவின் மனைவி செல்வி. கல்யாணத்தில் பார்த்தது. மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். இளைத்து, கறுத்து. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து கையைப் புடவையில் துடைத்தாள். "எக்கா, வாங்க."

கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

"ஜீப்பா? வந்திச்சே. காத்தால கடலப் பாத்துட்டு வந்து, இன்னிக்கி வோணாம், தண்ணி சரியில்லன்னாரு. குந்திக்கினு கஞ்சி குட்சாரு. அப்பத்தான் ஜீப்பு. டிரைவரு எறங்கி, ஐயா இப்பவே எடுத்தாரச் சொன்னாரு, இல்லாங்காட்டி வேலைக்கே வர வோணாம்னாருன்னு சொன்னான். மாமனும் காதால கேட்டாரு. பாதி கஞ்சில எய்ந்து போனாரு."

"இதை யாரிடமும் சொல்லவில்லையா?"

"சொல்லாம? போலீசுல சொன்னோம். டிரைவரு நான் வரவே இல்லன்னுட்டான். மாமன் குட்சிட்டுப் பேசறாருன்னு எய்திக்கினாங்க. இப்ப கலெக்டருக்குக் கீய கீற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனு குட்த்துகீறேன். வர வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளி விசாரண. யாரு வந்து சொல்லுவா?"

ஃபைல் விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் நடராஜன் பெயருக்குப் போகிறது, தடுக்க எனக்கு வழியில்லை, அழிக்க மட்டும்தான் முடியும் என்று. வேண்டுமானால் அழித்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

வெகுநேரம் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். காக்காயை விரட்டினாள்.

"அதுல இன்னா கீது?"

"அலை எவ்வளவு உயரம் வந்தது என்ற எண்கள். மூன்று வருஷத்துக்கு."

"அழிக்காதக்கா. ஜொரத்தோட கூட போய் எடுத்தாந்தாரு. இர்க்கட்டும், எவன் பேர்லயாவது." கொஞ்சம் கழித்து: "அந்தக் காலி எடம்னியே. அது?"

"அதை எடுத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள்."

தலையாட்டினாள். கிளம்பும்போது கருவாடு கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

12 ஜனவரி, வெள்ளி

சம்பத் சாரிடம் சொன்னேன். ஜீப், நடராஜன் வாயாலேயே சொன்னது, எல்லாம். கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை சார்."

"சொல்லாதே. நீ இன்னும் தற்காலிகம். நிரந்தரம் பண்ற கமிட்டியில யாரு உக்காந்திருக்கார் தெரியுமா?"

தெரியும்.

"போனவன் திரும்பி வரப்போறதில்ல. ஃபைலைப் பேர் மாத்திடு. டிஸ்க் வேலையைப் பாரு. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கெட்ட மனிதரும் இல்லை. என் அப்பா செத்தபோது வீடு தேடி வந்தவர்.

பேர் மாற்றவில்லை. அதைக் கடைசியில் செய்யலாம் என்று தள்ளி வைத்தேன். உபயோகமில்லாதவற்றை அழித்தேன், ஜாதகம் உள்பட.

13 ஜனவரி, சனி

போகி. தெருவெல்லாம் டயர் புகை. இருமல்.

அம்மாவிடம் சொன்னேன். விசாரணைக்குப் போய்ச் சாட்சி சொல்லலாமா என்று. அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"உனக்கு இன்னாத்துக்குடி இந்தப் பேஜாரு? அவன் இன்னா உன் கூடப் பொறந்தவனா?"

"இல்லம்மா."

"ஊரான் கயனில குனிஞ்சே என் முதுகு போச்சு. நீ ஒருத்திதான் நாற்காலில குந்திகினு வேல பாக்கற. அத வுட்டுட்டு எங்க போவ?"

அம்மா சொன்னது அத்தனையும் நிஜம்.

கருவாட்டுக் குழம்பு. அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். என் பங்கையும் அவளுக்கே போட்டேன்.

14 ஜனவரி, ஞாயிறு

கோயிலில் கூட்டம். பிரசங்கம் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தது, இரண்டு தூக்கு.

நான் போகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது. அதுதான் தாங்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், வருஷம் போனால் நிரந்தரம். டாக்டர் நடராஜன் வராந்தாவில் பார்த்தால் சிரிப்பார். நானும் சிரிக்க வேண்டும்.

17 ஜனவரி, புதன்

லீவு முடிந்து இன்று டிஸ்க் வேலை. மின்சாரம் போகக் கூடாதே என்று காலையிலிருந்து வேண்டுதல்.

முதலில் குணாவின் காலி இடம். உத்தரவை நானே அடித்தேன். வேறு யார் கையாலும் வேண்டாம் என்று தோன்றியது. மெஷினோடு இணைத்த டைப்ரைட்டர் தடதடவென்று பதிலாக ஒரு வரி அடித்தது, இடம் விடுவிக்கப்பட்டது என்று. அவ்வளவுதான். மூன்று மாசக் கடல் அது. அவன் எழுதியிருக்க வேண்டியது.

அடுத்து பேர் மாற்ற வேண்டும். "நான் செய்ய மாட்டேன் சார்" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஏ.சி. இரைச்சலிலும் எல்லோருக்கும் கேட்டது.

சம்பத் சார் தேவராஜைப் பார்த்தார். அவன் எழுந்து நின்றான். "நாஸ்தா துன்னல சார், துன்னுட்டு வந்துடறேன்." போனவன் வெகுநேரம் வரவில்லை.

சார் தானே உட்கார்ந்தார். இரண்டு விரலால் அடித்தார். முதல் தடவை எழுத்துப் பிழை, மெஷின் ஏற்கவில்லை. இரண்டாம் தடவை ஏற்றது. குணசேகரன் என்ற பெயர் டிஸ்க்கில் எங்கும் இல்லை இப்போது.

பிறகு டேப்பில் இறக்கினோம். சரிபார்த்தபோது ஒரு டேப் பாதியில் படிக்க மறுத்தது. எல்லோர் முகமும் வெளுத்துவிட்டது. இரண்டாம் பிரதி நன்றாக இருந்தது. நல்லவேளை, கேட்டு வைத்தேன். துடைத்தோம். ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் ஒன்றை ஒன்று ஒட்டி எல்லாம் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் பெரிய, முழுசான காலி இடம். டெல்லிக் கணக்கு தாராளமாகக் கொள்ளும்.

வேலை சுத்தமாக வந்திருக்கிறது. அதில் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் நடராஜன் ஜாங்கிரி வாங்கி அனுப்பினார். என் பங்கைத் தேவராஜ் மேஜையில் வைத்தேன். அவனும் தொடவில்லை. எறும்பு.

போகும்போது தேவராஜ், என்னைப் பார்க்காமல்: "வெள்ளிக்கெயம விசாரணையாமே. போறியா?"

"தெரியல."

"நான் வர முடியாது எஸ்தரம்மா. மூணு புள்ளிங்க."

"உன்னை யார் கேட்டது?"

18 ஜனவரி, வியாழன்

சம்பத் சார் மறுபடி கூப்பிட்டார். விசாரணை விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. நாளை லீவு கிடையாது, டெல்லிக் கணக்கு ஓடுகிறது, வராவிட்டால் அவரால் காப்பாற்ற முடியாது. இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சரி சார் என்றேன். என்ன சரி என்று எனக்கே தெரியவில்லை.

பல் வலி தாடை வரை.

டிராயரிலிருந்து எடுத்து வந்தவை: ஸ்வெட்டர், டம்ளர், சீப்பு. எதற்கு எடுத்தேன் என்று பஸ்ஸில் யோசித்தேன். அப்போதுதான் தெரிந்தது, போவது என்று முடிவு பண்ணியிருக்கிறேன் என்று.

19 ஜனவரி, வெள்ளி

அம்மா அடுப்படியிலேயே இருந்தாள். டிபன் மட்டும் கட்டி வைத்திருந்தாள். ஸ்டாஃப் பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலில் தேவராஜ். கையைத் தூக்கினானா, கம்பியைப் பிடித்தானா, தெரியவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவில் செல்வியும் மாமனும். பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்கள். மாமன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படியவாரி. குடித்தவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று. செல்வி என்னைப் பார்த்ததும் எழவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

நெடுநேரம் காத்திருந்தோம். ஜீப் டிரைவர் வரவில்லை. நிலையத்திலிருந்து வக்கீல் ஒருவர் வந்தார். என்னைப் பார்த்து, ஃபைலைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார்.

கூப்பிட்டார்கள். கிளார்க் நிமிராமல் கேட்டார்.

"பேரு?"

"எஸ்தர்."

"செத்துப்போனவருக்கு நீங்க இன்னா ஒறவு?"

"உறவு இல்லை. கூட வேலை பார்த்தேன்."

"எந்த ஆபீஸ், இன்னா வேல?"

நிலையத்தின் பெயரைச் சொன்னேன். கம்ப்யூட்டர் பிரிவு என்றேன். எழுதிக்கொண்டார். இன்று சாயங்காலம் வரை அது நிஜம்தான்.

"சரி, சொல்லுங்க."

ஜீப்பிலிருந்து ஆரம்பித்தேன்.