அப்பா அறையில் ஒரு நாற்காலி

என் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சுகமாக இருக்கிறோம், முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், பொய்யாக்கிவிடாதே.

நீ செய்து அனுப்பிய வீடியோ கேமைச் சித்தி டிவியில் போட்டுக் கொடுத்தாள். அப்பாவின் கடைசி நாட்களை வைத்துச் செய்திருக்கிறேன், வெளியிடலாமா, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்று நீ கேட்டிருந்தாய். சாவில் என்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கிறது என்று சித்தியிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் திரையில் நம் வீட்டு அறை, அதே கட்டில், ஜன்னலோரம் மருந்துப் புட்டிகள், இருமல்கூட அவருடையதே. காலமெல்லாம் நர்ஸ் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா, தண்ணீர் கொடுத்தேன், தலையணையை உயர்த்தினேன், காய்ச்சல் பார்த்தேன், ஒரு வேளை மருந்து தவறவில்லை. அப்படியும் அப்பா போய்விட்டார். எங்கோ பிசகிவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், மறுபடியும் போனார். பார்க்கப் பொறுக்காமல் சித்திதான், அக்கா, இதுல ஜெயிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, பக்கத்துல நாற்காலி இருக்கு பாரு, கொஞ்சம் உட்காரேன் என்றாள். உட்கார்ந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். அங்கே உட்கார வேண்டியது நான் இல்லை, நீ என்று அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் கடைசி நேரத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் வந்து சேர முடியாத பிள்ளை இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறாய். அழுதேனப்பா, மறைப்பானேன்.

ஆனால் ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை. உன்ன நெனச்சா பெருமையா இருக்குப்பா என்று அவரைப் பேச வைத்திருக்கிறாயே, அவர் யாரிடம் அப்படிப் பேசினார்? நீ பரிசு வாங்கி வந்த அன்றைக்கே, சரி சரி, சட்டையை மாத்து என்றவர். பெருமை மனசு நிறைய இருந்தது, வாயில்தான் வராது. கடைசியாக என்ன சொன்னார் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குளிருது, ஃபேனைக் குறை என்றார். எழுந்து போய்க் குறைத்துவிட்டுத் திரும்பினேன், அதற்குள் முடிந்துவிட்டது. அதையே போடு.

அழிக்காதே, ஊர் உலகம் பார்க்கட்டும். நீ நீண்ட ஆயுளோடு, கை தொட்டது துலங்க நன்றாக இரு. வெளியிடும் முன் ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே ஃபேனைக் குறைக்கிற மாதிரி செய்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா