திருப்பிக் கேட்ட பொன்னாடை

ஜனவரி 16, வெள்ளி

காலையிலிருந்து தூறல். நேற்றுப் பொங்கிய பொங்கல் இன்னும் பிரிட்ஜில். மகள் அபி தொடவேயில்லை.

செய்ய வேண்டியது: பிளவுஸ் துணி அடுக்க. சலவைத் தூள். இவருக்கு முழங்கால் மாத்திரை.

பின்னேரம் லா சப்பல் தமிழ்ச் சங்கத் தலைவர் நவம் அண்ணை என் சேலைக் கடைக்கு வந்தார். ஞாயிறு பொங்கல் விழாவுக்கு எங்கள் பாரிஸ் வட்டாரத்து நகரசபையின் உதவி மேயர் மதாம் வருகிறாராம். பொன்னாடை வேண்டுமாம். நகரசபையில் வீட்டு வசதிக்குப் பொறுப்பு அந்த மதாம்தான். ரயில் பாதைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பழைய டெப்போ காணியும் அவர் கையில்தான். அங்கே முழுக்கக் குறைந்த வாடகைச் சோசியல் வீடு கட்டுவோம் என்று போன வருடம் சொன்னார்கள். எங்கள் விண்ணப்பம் அபி பாலர் பள்ளியில் இருந்தபோது போட்டது. இப்போது அவளுக்குப் பதினேழு. இன்னமும் ஹோலில் சோபாவில்தான் படுக்கை. உடுப்பு மாற்றக் குளியலறைக்குப் போகிறாள்.

இருந்ததிலேயே நல்லதாக எடுத்துக் கொடுத்தேன். மெரூன், தங்கக் கரை. காணியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள் என்றேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். நவம் அண்ணையின் தலையாட்டலை நம்பி உலை வைக்க முடியாது.

ஜனவரி 18, ஞாயிறு

விழா. மண்டபம் நிறையச் சனம், ஹீட்டர் வேலை செய்யவில்லை. வடை பரவாயில்லை. சாம்பாரில் உப்புக் கூட.

மதாம் மேடை ஏறியதும் பொன்னாடை. எங்கள் ஆட்களின் வழக்கம் இது. யார் வந்தாலும் முதலில் போர்த்திவிடுவோம், என்ன சொல்ல வந்தார் என்பது பிறகு. படம் எடுத்தார்கள். பிறகு பேச்சு. சிரித்த முகம், வழுக்கிக்கொண்டு போகும் பிரெஞ்சு. பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். அபி என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, தட்டாதேங்கோ. பாதிக் காணி ஹோட்டலுக்காம்."

எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள் தமிழில் சொன்னாள்.

வீடு பாதியாகக் குறைந்தால் எங்கள் முறை எப்போது வரும்? அபி கலியாணம் கட்டிப் போன பிறகா?

ஜனவரி 23, வெள்ளி

தபால் பெட்டியில் நகரசபைச் செய்தித்தாள். உள்ளே படம்: மதாம், என் மெரூன் பொன்னாடை, பக்கத்தில் பல் முழுக்கத் தெரிய நவம் அண்ணை. கீழே எழுதியிருப்பது: லா சப்பல் தமிழர்கள் புதிய திட்டத்தை வரவேற்கிறார்கள்.

யார் வரவேற்றது? என்னை யார் கேட்டது?

நவம் அண்ணையைக் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"மரியாதைதானே பிள்ளை செய்தனாங்கள். இதிலை என்ன பிழை?"

"உங்கடை மரியாதையிலை என்ரை பிள்ளையின்ரை அறை போகுது அண்ணை."

மண்டபம் தருவது நகரசபைதான், பகைக்க முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

இவருக்கும் பயம். வாயைத் திறந்தால் எங்கள் பைலை அடியில் போட்டுவிடுவார்களாம். இத்தனை வருடம் அது எங்கே கிடக்கிறது, உச்சியிலா? கோபத்தில் தேத்தண்ணீருக்குச் சீனி போட மறந்து, அப்படியே குடித்தேன். வெங்காயம் முடிந்துவிட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

நாளை மறுநாள் வட்டாரக் கூட்டம். யாரும் எழுந்து பேசலாம். பேச வேண்டியதை எழுதினேன், அபி என் பிரெஞ்சைத் திருத்தித் தந்தாள். தொடக்கமே 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்'. வெட்டினேன். அதுதான் நாகரிகம் என்கிறாள். மெட்ரோவில் என் காலை மிதித்தவனிடமே பர்தோன், மன்னிக்கவும் என்று சொல்லிப் பழகியவள் நான். போதும்.

ஜனவரி 29, வியாழன்

போனேன். பாதி வழியில் திரும்பிவிடப் பார்த்தேன். இங்கே பொய் எழுதி என்ன வரப்போகிறது.

நவம் அண்ணை கடைசி வரிசையில், கோட்டுக் கழுத்துக்குள் முகம்.

மதாம் திட்டத்தை விளக்கினார். தமிழ்ச் சமூகமும் ஆதரவு என்று சொல்லி அந்தப் படத்தையே திரையில் போட்டார். எழுந்துவிட்டேன். தாளைப் பார்க்கவில்லை. என் பிரெஞ்சில் சொன்னது இதுதான்:

"மதாம், அந்தப் பொன்னாடை என் கடையிலிருந்து வந்தது. விருந்தாளி என்று போர்த்தினோம். ஹோட்டலுக்குச் சம்மதம் என்று போர்த்தவில்லை. தயவுசெய்து திருப்பித் தாருங்கள். காணி முழுக்க வீடு கட்டுங்கள், நானே புதியது கொண்டுவந்து போர்த்துகிறேன்."

சிலர் சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை. அது அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது என்றார். எங்கள் கட்டடத்து அல்ஜீரியப் பெண், நாலு பிள்ளைகளோடு அவளும் இதே வீட்டுக்குத்தான் காத்திருக்கிறாள், முதலில் கை தட்டினாள். பிறகு பலர். நவம் அண்ணையும் தட்டினார் என்கிறாள் அபி. நான் பார்க்கவில்லை, ஆகவே நம்பவும் இல்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்

வெயில். ஆனால் காது விறைக்கிற குளிர்.

பொன்னாடை கடைக்கு வந்துவிட்டது. நகரசபை உறை, அழகான மடிப்பு, நன்றி என்று ஒரு வரி. கூடவே செய்தியும் வந்தது: வட்டார சபை நேற்று ஹோட்டல் திட்டத்துக்குச் சம்மதித்துவிட்டது. ஆனால் பாரிஸ் சபையின் கடைசி முடிவு தேர்தலுக்குப் பிறகுதானாம்.

ஆக, இன்னும் முடியவில்லை.

மார்ச்சில் தேர்தல். இந்த முறை ஆளுக்கு இரண்டு வாக்கு. ஒன்று வட்டாரத்துக்கு, ஒன்று முழுப் பாரிசுக்கு. பிரெஞ்சு அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு இதுவரை ஒரு வாக்கும் போட்டதில்லை. வெள்ளிக்குள் வாக்காளர் பட்டியலில் பதிய வேண்டும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், சோபாவுக்கு முன்னால் கயிறு கட்டி, பள்ளி விட்டு வரும்போது கடையிலிருந்து எடுத்துப் போன பொன்னாடையைத் தொங்கவிட்டிருக்கிறாள் அபி. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. அழுதேன். கோபத்தில்தான்.

பெப்ரவரி 6, வெள்ளி

பதிந்தாயிற்று. இவரும் வந்தார். கையெழுத்தைப் பேனை உடைகிற மாதிரி அழுத்திப் போட்டார்.

சேலை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன், பதிந்தாச்சா என்று. ஒருத்தி சேலை எடுக்காமலே நகரசபைக்கு ஓடினாள். நல்ல வியாபாரம்.

பெப்ரவரி 10, செவ்வாய்

மழை. குடை ரயிலில் போய்விட்டது.

நவம் அண்ணை வந்தார். ஞாயிறு மண்டபத்துக்கு எதிர்க்கட்சி வேட்பாளர் வருகிறாராம். பொன்னாடை ஒன்று.

இல்லை என்றேன். என் தலைக்கு மேலே இருந்த தட்டைப் பார்த்தார். தட்டு நிறையப் பொன்னாடை.

"உது விக்கத்தானே பிள்ளை வைச்சிருக்கிறாய்?"

"முதல் அவர் கதைக்கட்டும் அண்ணை. காணிக்கு என்ன செய்வியள் எண்டு கேளுங்கோ. பதிலைக் கேட்டிட்டு வாங்கோ, தாறன்."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவடியில் நின்று மழையைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, என் மேசையில் கிடந்த பேனையை எடுத்தார்.

"பிரெஞ்சிலை அதை எப்பிடிக் கேக்கிறது பிள்ளை?"