முப்பத்துமூன்றாம் வேகம்

தி.நகர்
12.8.1974

மகனுக்கு,

அம்மா நலம். நானும் இருக்கிறேன்.

நீ பம்பாயிலிருந்து அனுப்பிய உன் இசைத்தட்டு வந்தது. அட்டையில் கிட்டாரோடு நிற்கிறாய், இளைத்துவிட்டாய். கேட்டவர்கள் சொன்னதை எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன்.

வீட்டில் போட்டேன். சாவி வாங்க வந்த கடை ஆள் வடிவேலு, "இன்னா மொதலாளி, பூனை வாலை மிதிச்ச மாதிரி கீது" என்றான். எதிர்வீட்டு டீச்சர், பாடுவது பெண்பிள்ளையா என்று கேட்டார். உன் அம்மா, "எதுக்கு இந்த ஓட்டம் ஓடுதான்? யாரு வெரட்டுதா?" என்றாள். நான்கு வருடத்துக்கு முன் உன் பெட்டியைத் தெருவில் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, மயிலாப்பூர் ரேடியோ மெக்கானிக் வந்து ரெக்கார்டு பிளேயரைப் பார்த்துச் சிரித்தார். சினிமாப் பாட்டுத் தட்டுக்கு வைத்திருந்த நாற்பத்தைந்தாம் வேகத்திலேயே உன் தட்டையும் ஓட்டியிருக்கிறேன். அவர் வேகத் திருகை உன் தட்டுக்குரிய முப்பத்துமூன்றுக்குத் திருப்பினார். அது உன் குரல். கிட்டார் அவசரமில்லாமல், நின்று நின்று போயிற்று. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆகவே மேலே எழுதிய அபிப்பிராயங்களைப் பொருட்படுத்தாதே.

என் அபிப்பிராயத்தையும் கேட்டிருந்தாய். எனக்கு இப்போது காது அவ்வளவு சரியில்லை.

அன்றிலிருந்து அந்தத் திருகைத் தொட உன் அம்மா யாரையும் விடுவதில்லை. சினிமாப் பாட்டெல்லாம் வீட்டில் இழுத்து இழுத்துப் பாடுகிறது. "அவன் வந்து திருப்பட்டும்" என்கிறாள்.

நான் மறுப்புச் சொல்லவில்லை.

அப்பா