அரசரின் மீன்தொட்டிக்குச் சுண்ணாம்புப் பலகை

ஏரி நிரம்புக, மடை திறக்க, வயல் விளைக. தம் பெயர் கேட்டாலே பகைவர் கதவடைக்கும் பெருந்திறலினரும், முந்நூறு ஏரிக்கு உரியவருமான மாமன்னர் நெடுந்திறல் கோமானின் திருவாணைப்படி, பேரமைச்சர் இளநாகன் சேந்தன், கருங்கல்முகைக் கோட்டைத் தலைவர் வில்லவன் காரிக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதிலும் அதனுள் இருப்போரும் நலமாக இருப்பாராக. சிறப்பாக, ஆங்கே ஐந்து திங்களாகச் சிறையிருக்கும் விளக்குப் பணியாளர் அந்துவன் நலமாக இருப்பாராக.

அந்துவன் சிறை புகுந்த காரணம் தாங்கள் அறிந்ததே. ஆயினும் அமைச்சருக்கு அது அண்மையில் அடிக்கடி நினைவுக்கு வருவதால் மீண்டும் எழுதப்படுகிறது. சாளரமில்லாத உள்மண்டபத்தில் மன்னரின் பளிங்கு மீன்தொட்டி இருக்கிறது. அருகில் எரியும் விளக்கின் ஒளியில் பாதி சுவருக்கே வீணாகப் போவதால், அதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்ப விளக்கின் பின்னே எதை நிறுத்தலாம் என்று அவையில் ஆராயப்பட்டது. சுண்ணாம்பு பூசிய பலகையே போதும் என்று அந்துவன் விண்ணப்பித்தார். இந்நாட்டிலோ சுண்ணாம்பு குற்றவாளியின் முகத்தில் பூசுவதற்கு உரியது; அதை அரசர் முன்னிலையில் நிறுத்தச் சொன்னவரை அமைச்சர் பொறுப்பாரா? அதையே அந்துவன் முகத்தில் பூசுவித்துத் தங்கள் கோட்டைக்கு அனுப்பிவைத்தார்.

பின்னர்ப் பொருள்கள் அவற்றின் தகுதி வரிசைப்படி அமர்த்தப்பட்டன. முதலில் பொன்தகடு. அவையோர் வாயாரப் புகழ்ந்தனர். ஆனால் மன்னரின் உயிரான செம்மீன் அதன் ஒளியில் வேகவைத்த மஞ்சள்கிழங்கு போலத் தெரிந்தது. அடுத்து வந்த வெள்ளித்தகடு ஈரக்காற்றிலும் விளக்குப் புகையிலும் எட்டே நாளில் கறுத்துப்போயிற்று. மூன்றாவதாக, மெருகிட்ட வெண்கலக் கண்ணாடி. அதில் தன் உருவைக் கண்ட செம்மீன், பகைவன் வந்துவிட்டான் என்று பாய்ந்து பாய்ந்து பளிங்கில் மூக்கை உடைத்துக்கொண்டது. அதே கண்ணாடியில் தம்மைக் கண்ட மன்னர் மட்டும் நெடுநேரம் மகிழ்ந்திருந்தார்.

இதற்குள் நீர்க்கொடிகள் ஒளியின்றி அழுகத் தொடங்கின. வரும் முழுநிலவுக்குள் செம்மீன் சிவப்பாகத் தெரியாவிடில், அமைச்சர் கருங்கல்முகைக்குச் சென்று அந்துவனுக்கு அடுத்த அறையில் தங்கலாம் என மன்னர் கனிவுடன் அருளினார். அமைச்சர் அன்றே தங்களுக்கு ஓலை விடுத்தார்.

தங்கள் வழியே அந்துவனை அழைத்தபோது, வருவதற்குத் தடையில்லை என்றும், ஆனால் அதற்குமுன், தம் முகத்தில் பூசச் சொன்ன அமைச்சரே தம் கையால் பலகைக்கு மூன்று பூச்சுப் பூசவேண்டும் என்றும் அவர் கூறியதாக மறுவோலை வரைந்தீர்கள். தங்கள் எழுத்தாணி சிரித்தது தெரிந்தது, அது மன்னிக்கப்பட்டது.

பலகை பூசப்பட்டது. செம்மீன் சிவந்தது, கொடிகளும் துளிர்த்தன. இந்த உபாயம் தமக்கே முதலில் தோன்றியது என மன்னர் அவையில் அருளினார்; அமைச்சரும் அவ்வாறே நினைவுகூர்ந்தார். ஆயினும் அந்துவனுக்கு இழைத்தது அநீதி என்பதை அமைச்சர் அறிவார், அதற்காக வருந்துகிறார். அவையில் சொல்ல நா எழாததால் இங்கே எழுதுகிறார்.

ஆகவே இவ்வோலை கண்ட நாழிகையே அந்துவனை விடுவித்து, அமைச்சரின் சொந்தப் பல்லக்கில் ஏற்றி, பழைய பணிக்கே அனுப்பிவைக்க. வழியில் எவரும் அவர் முகத்தை உற்றுநோக்கிச் சிரியாதிருக்க. இது அரசாணை.

முத்திரை அரக்கின்மேல் வெள்ளையாகப் பதிந்துள்ள விரல்தடம் கண்டு, ஓலை போலியோ என ஐயுற வேண்டா. அது அமைச்சருடையதே, எவ்வளவு கழுவியும் போகவில்லை.