கஞ்சி போகாத துணி

இதை எழுதும்போதும் என் விரல்களில் கஞ்சி வாடை இருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் ஒருநாள் காலை, ஆய்வகத்தில் வெற்றிடப் பம்பின் மேல் காயப் போட்டிருந்த துடைக்கும் துணியை எடுத்தேன். அப்பளம் போல விறைத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், இதே வாடை. முதலில் உன் நினைப்பு வந்தது. அதற்குப் பிறகுதான், இந்தத் துணியால் எதைத் துடைத்தேன் என்பது உறைத்தது.

நீ கண்ணை மூடிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். நாம் சேர்ந்து அளந்து, உன் பெயரை முதலில் போட்டு வெளியிட்டோமே, அந்த எண்ணைச் சந்தேகப்பட்டு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நியான் வாயுவில் எலக்ட்ரான்களும் அயனிகளும் நாம் சொன்னதைவிட வேகமாகச் சேர்கின்றனவாம். ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த மரியாதைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. சரிபார்க்கலாம் என்று நம் நியான் குழாயை ஓட்டினால் எனக்கும் வேகமாகவே வருகிறது. நம் எண் தப்பு என்று நான் எழுதிவிட்டால், உன் பக்கத்தைச் சொல்ல நீ இல்லை.

நம் வேலையே ஈரத்துக்குப் பயந்து பயந்து செய்யும் வேலைதானே. நியானை நிரப்பி மின்சாரம் பாய்ச்சினால் குழாய் ஆரஞ்சாக ஒளிரும். நிறுத்தியதும் மங்கும். கண் இமைக்கும் அந்த நேரத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படிக் குறைகின்றன என்று மைக்ரோவேவ் அலைகளை வைத்துப் பார்ப்போம். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் போச்சு. வேறு அயனிகள் உண்டாகி எலக்ட்ரான்களை அவசர அவசரமாகப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சத்தையும் அளப்பதால் அறை இருட்டாக இருக்க வேண்டும். நீ கதவருகே சுவிட்சைப் பிடித்தபடி, "அணைக்கவா, ஏட்டி?" என்பாய். நான் "ம்" என்றால்தான் அணைப்பாய்.

கல்லூரி பஸ்ஸில் நீ ராஜபாளையத்திலேயே ஏறிவிடுவாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறும் எனக்காக, ஜன்னலோரம் துணி மூட்டையை வைத்து இடம் பிடித்திருப்பாய். உன் அண்ணன் தறியில் நெய்த பேண்டேஜ் துணி. குழாயின் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை அதில்தான் துடைப்போம். அது எப்போதும் பஞ்சு மாதிரி இருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை. நீ போன பிறகும் அண்ணன் அதே பஸ்ஸில் துணி கொடுத்துவிடுகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துணி விறைத்துக் கிடந்த அன்று அவருக்குப் போன் செய்தேன். "அண்ணே, இந்தத் துணியில கஞ்சி இருக்கா?"

"ஆமாம்மா, தறியில அறுத்த மேனிக்குத்தான் கொடுத்து விடுதேன். அவ வெந்நியில ஊறப் போட்டு அலசுவா. நீயும் அலசுவேன்னுல்லா நெனச்சேன்." பிறகு, "அவ நம்பருக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே" என்றேன். போனை வைத்தேன். குழாய் மூட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், வளையத்தில் வெள்ளையாகக் கஞ்சிப் பொடி; அது ஈரத்தை உறிஞ்சி உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தறிக்காரர் வீட்டில் பிறந்த உனக்கு, கஞ்சியை அலசுவது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

துணியை அலசினேன். புது வளையம் போட்டு, கண்ணாடியை நாள் கணக்கில் சூடாக்கி ஈரத்தை விரட்டினேன். ஓட்டினேன். உன் எண்ணே வந்தது. அழுதுவிட்டேன், அதில் வெட்கமில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். கைதான் வரவில்லை. நல்ல முடிவு வந்த நாட்களில் நான் துள்ளும்போதெல்லாம் நீ முகத்தைச் சுளிப்பாய். "மனசுக்குப் புடிச்ச நம்பர் வந்தா பயப்படு, ஏட்டி. இன்னொருக்க ஓட்டு." இந்த எண்ணைவிட எனக்குப் பிடித்த எண் உலகத்தில் உண்டா? அதனால்தான் இவ்வளவு பயம். அவர்கள் குழாயைத் துடைத்தது உன் அண்ணன் துணியால் இல்லையே, பிறகு ஏன் அவர்களுக்கும் வேகமாக வந்தது?

எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து தொடங்கினேன். நேற்று அண்ணன் போனில் கேட்டார். வந்த எண்ணைச் சொல்லாமல், "இன்னொருக்க ஓட்டணும்ணே" என்றேன். "அவளும் இதத்தான் சொல்லுவா" என்று வைத்துவிட்டார்.

இன்று குழாய் தயார். எது வந்தாலும் அதையே எழுதுவேன். உன் எண்ணாக இல்லாவிட்டாலும் எழுதுவேன். அதை எழுத நீதான் எனக்குப் பலம். கதவருகே போய் நானே விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் தட்டுத் தடுமாறி நாற்காலிக்கு வந்தேன். குழாயை ஆரஞ்சாக ஒளிரவிட்டு, நீ கேட்பாய் என்பது போலக் கதவுப் பக்கம் திரும்பினேன். பிறகு "ம்" என்று சொல்லிவிட்டுக் குழாயின் மின்சாரத்தை நிறுத்தினேன்.