முட்டிக்காரத் தம்பிக்காக நீங்கள் சொன்னது

அன்புள்ள அண்ணை,

இன்று காலை குயின் தெரு ஸ்ட்ரீட்காரில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவருடைய கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து வலித்தைலத்தின் மணம் வந்தது. உங்கள் இடது தோளின் மணம். இரண்டு தரிப்புகளுக்கு முன்னாலேயே இறங்கிப் பனியில் நடந்தேன். அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இன்னும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பல்லுப் பிடுங்குவதற்கு மரத்துப்போக ஊசி போட்டால் நம்முடைய உதட்டை நாமே கடித்தாலும் தெரியாதே, அப்படித்தான் இருக்கிறேன். அலுவலகம் போகிறேன், சோறு பொங்குகிறேன், படுத்தால் தூக்கமும் வருகிறது.

எழுபத்து நான்கில் நான் பார்க்டேலுக்கு வந்து உங்கள் அறையில் பாதியை எடுத்துக்கொண்டபோது நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடம். கோயம்புத்தூர்ப் பட்டறையில் கடைசல் பிடித்த கை ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்திக்கொண்டிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் படித்த இங்கிலிஷை நம்பி வந்து, ஓர் அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏழு வயது இளையவனை நீங்கள் "வாங்க தம்பி, சாப்பிடுங்க தம்பி" என்று கூப்பிட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"என்ன அண்ணை, என்னைப் போய் நீங்க எண்டு சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"எங்கூர்ல தொட்டில் கொழந்தையக்கூட வாங்க போங்கன்னுதானுங்க கூப்புடுவோம். அதுக்குன்னு உங்களைப் பெரிய மனுசன்னு நெனச்சுக்காதீங்க" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கறுப்புவெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோவிலிருந்து வரும் அமெரிக்க ஃபுட்போல் ஆட்டம். அன்ரெனாவின் ஒரு கொம்பை நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் தெளியும். ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டவன் நான், கொம்பைப் பிடித்தவர் நீங்கள். விதிகள் உங்களுக்கு முதல் பனிக்காலம் முழுக்கப் பிடிபடவே இல்லை. "கால்ல ஒதைக்கவே மாட்டேங்கறாங்க, இதுக்குப் போயி ஃபுட்பால்னு பேரு வெச்சிருக்கானுங்க" என்பீர்கள். ஆனால் நான் காணாததை நீங்கள் காண்பீர்கள். "அந்தப் பதினெட்டாம் நம்பர் எடது காலை ஊனமாட்டேங்கறான், பாருங்க" என்பீர்கள். பத்து நிமிடத்தில் அவனை இருவர் தாங்கிக்கொண்டு போவார்கள். பட்டறைக்காரன் கண்ணுக்கு எது தேய்ந்திருக்கிறது என்பது முதலில் தெரிந்துவிடும் போலும்.

ஆட்டத்தைவிட ஆட்டக்காரர்களைப் பற்றிய வம்புதான் எனக்கு ருசி. திங்கட்கிழமைப் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை விரித்தால் ஒரே சண்டை. ஒருவன் தாடியை எடுக்க மாட்டேன் என்றான். ஒருவன் பயிற்சியாளரைப் பற்றி வாயை விட்டான். ஒரு கோடையில் எல்லாருமாகச் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்து அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. ஒரு பந்தைக்கூடத் தொட்டிராத நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர்களுக்கெல்லாம் ஒழுங்கு படிப்பித்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்தக் காலத்தில் வாய் கொஞ்சம் நீளம்தான்.

பிறகு அந்த ஓட்டக்காரன் வந்தான். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் அவன் வேலை. முழங்கால் வீங்கியிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் மரத்துப்போக ஊசி போட வந்த வைத்தியரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாதாரண உடுப்போடு மைதான ஓரத்து வாங்குப் பலகையில் போய் அமர்ந்துகொண்டான். அணி தோற்றது. பேப்பர்கள் அவனைக் கோழை என்றன. கூட ஆடியவர்களே அவனோடு பேசவில்லை என்று எழுதினார்கள். நீங்கள் அவனுக்கு முட்டிக்காரத் தம்பி என்று பெயர் வைத்தீர்கள். மூன்று வாரம் நமக்குள் அவனால் சண்டை.

"வேலைக்கெண்டு வந்தவன் வேலை செய்யவேணும் அண்ணை. நோகுது எண்டு எல்லாரும் குந்தினா உலகம் நடக்குமே?" என்றேன்.

"உங்களுக்கு எங்கீங்க நோவு? பேனா பிடிக்கற வெரல்லியா?" என்று கேட்டீர்கள்.

உங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையிலும் இதே பேச்சுத்தான். எல்லாரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். உங்களுக்குப் பதில் சொல்ல ஆசை. வேலைக்குப் போதுமான இங்கிலிஷ்தான் உங்களிடம் இருந்தது, வாதாட அது போதவில்லை. ஒரு சனிக்கிழமை சாயந்தரம் என் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "நான் சொல்றனுங்க, நீங்க பேப்பருக்கு எழுதுங்க தம்பி" என்றீர்கள். எங்கள் ஊரில் இங்கிலிஷ் படித்தவன் என்றால் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவன் என்று அர்த்தம். என் தகப்பனார் எழுதினார், மாமா எழுதினார். எனக்கும் அந்தப் பித்து இருந்தது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னீர்கள், நான் தட்டினேன். ஆனால் நீங்கள் சொன்னதைத் தட்டவில்லை. நாம் வந்தேறிகள், வேலைக்குக் கள்ளம் செய்பவர்களுக்கு நாம் பரிந்து பேசுவதாக வெள்ளைக்காரன் பேப்பரில் வரலாமா என்று அந்த நேரத்தில் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மூன்று வாரச் சண்டையில் நான் வெல்ல வேண்டியிருந்தது. இருபது வருடமாக இயந்திரத்தின் முன் நிற்கிறேன், ஒரு நாளும் வலியைச் சொல்லி வீட்டில் இருந்ததில்லை என்று உங்கள் குரலில் எழுதினேன். வலி உழைப்பாளி அணியும் சட்டை, அதைக் கழற்ற நினைப்பவன் ஆடுகளத்துக்கு வரத் தேவையில்லை என்று முடித்தேன். அந்தக் கடைசி வசனம் இங்கிலிஷில் இன்னும் அழகாக இருக்கும். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

தாளை உருவித் தந்தேன். மெதுவாக எழுத்துக் கூட்டினால் உங்களால் படித்திருக்க முடியும். நீங்கள் படிக்கவில்லை. எழுதித் தந்த ஆளை எதிரே வைத்துக்கொண்டு அதைப் படித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது என்பது உங்கள் மரியாதை. "நீங்க எழுதினாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள். எங்கே பிரசுரிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் தபாலில் சேர்த்தேன்.

பிரசுரித்தார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை உங்கள் பெயரோடு, பெட்டி கட்டி. மாலை நீங்கள் வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் ஃபோர்மன் அதைக் கத்தரித்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவிட்டார் என்றீர்கள். ஆளாளுக்கு வந்து தோளில் தட்டினார்கள் என்றீர்கள். அதுவும் அந்த இடது தோளில். பிறகு கோட்டுப் பையிலிருந்து பேப்பரை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா இது நான் சொன்னது இல்லீங்களே."

"எடிட்டர் மாத்திப்போட்டான் அண்ணை. உவங்கள் உப்பிடித்தான், தங்களுக்கு வேண்டினமாதிரி வெட்டி ஒட்டுவாங்கள்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

"அப்படீங்களா" என்றீர்கள். ரசத்தை அடுப்பில் வைத்தீர்கள்.

அந்த மாதம்தான் நீங்கள் ஃபோர்மனிடம் பாரம் குறைந்த வேலை கேட்பதாக இருந்தீர்கள். செய்து முடித்த தகடுகளைப் பரிசோதிக்கும் மேசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, தோளுக்கு அதுதான் சரி என்று ஒத்திகைகூடப் பார்த்தீர்கள். நான்தான் இங்கிலிஷில் எப்படிக் கேட்பது என்று சொல்லித் தந்தேன். நீங்கள் கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பனிக்காலம் அந்த அழுத்து இயந்திரத்திலேயே நின்றீர்கள். விடியற்காலையில் ஒரு மாத்திரை, மாலையில் தைலம். தோள், தோள் என்று நீங்கள் தேய்த்தீர்கள், முதுகுப் பக்கம் கை எட்டாத இடத்தில் நான் தேய்த்துவிட்டேன். கடந்த செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னால், தரையில் அமர்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. கொஞ்சக் காலமாகவே அது தோள்வலியாக இருந்திருக்காது, இருதயமாக இருந்திருக்கும் என்றார் வைத்தியர். யாராவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார்.

தகனத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தில் உங்கள் ஃபோர்மன் எழுந்து நின்று பேசினார். நல்ல மனிதர், கண் சிவந்திருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் பேப்பர்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தார். என்னுடைய சட்டை வசனம் வந்ததும் இருபது முப்பது பேர் தலையாட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து போய் அதைப் பறிக்க வேண்டும் போல இருந்தது. அசையவில்லை.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். கடிதம் வந்த அன்றைக்கே, இது நீயா எழுதினாய் என்று உங்களைக் கேட்டாராம். ஒவ்வொரு சொல்லும் என்னுடையதுதான் என்றீர்களாம். போன வருடம் நீங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, பரிசோதனை மேசைக்கு மாற்றிவிடட்டுமா என்று அவராகவே கேட்டிருக்கிறார். நீங்கள் சிரித்துக்கொண்டு சுவரைக் காட்டி, "அதை எழுதியவன் எப்படி வருவான்?" என்றீர்களாம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதனா என்று அவர் வியந்தார். எனக்கு அந்த இடத்திலேதான் மரத்துப்போயிற்று. கோபமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை.

எழுதியது நீங்கள் இல்லை என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருக்கலாம். அந்த இங்கிலிஷ்காரத் தம்பி மாற்றிவிட்டான் என்று சொல்லியிருந்தால் அந்த மேசை உங்களுக்குக் கிடைத்திருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தீர்களா, கையெழுத்துப் போட்டபின் பின்வாங்குவது அழகில்லை என்று நினைத்தீர்களா? ஏன் அண்ணை, உங்களுக்குப் பைத்தியமா? அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஒரே சமையலறையில் நின்றோமே, ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

இந்த வருடம் இன்னொரு ஆட்டக்காரனைப் பற்றிப் பெரிய சண்டை நடக்கிறது. அலுவலகத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். ஒன்றும் தெரியாது என்றேன். சுகமில்லையா என்று கேட்டார்கள். தொலைக்காட்சிப் பெட்டியைக் கீழ்மாடியில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து உங்கள் வீட்டுக்கார அக்காவின் கடிதம் வந்தது. சட்டம் போட்ட அந்தப் பேப்பரை ஃபோர்மன் நேரே அவருக்கு அனுப்பியிருக்கிறார். "அவுங்க பேப்பர்ல எழுதுனது வந்து சேந்துச்சுங்க. பாப்பா படிச்சுக் காட்டுனா, செரியாப் புரியலீங்க. அவுங்க சொன்ன மாதிரியே தமிழ்ல எழுதி அனுப்புங்க தம்பி" என்று கேட்டிருக்கிறார். நீங்களும் அக்காவும் ஒரே மாதிரித்தான் 'ங்க' போடுகிறீர்கள். பத்து நாள் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் வந்ததைத் தமிழாக்கினால் அவருக்குப் பெருமையாக இருக்கும். வலியைச் சட்டையாகப் போட்டுக்கொண்ட கணவர் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவார். உண்மையை எழுதினால், வலி என்றால் என்னவென்று இவ்வளவு தெரிந்த மனிதர் ஏன் வேலைக்குப் போனார் என்று கேட்பார். அதற்கும் நான்தான் பதில் எழுத வேண்டும்.

நீங்கள் அந்தச் சனிக்கிழமை சொன்னது எனக்கு ஒரு சொல் தப்பாமல் நினைவிருக்கிறது. கேட்டுக்கொண்டே வேறொன்றைத் தட்டியவனுக்கு மறக்காது. அக்காவுக்கு அதைத்தான் எழுதினேன்.

"ஐயா, நான் இருவது வருசமா மெசின்ல நிக்கறவன். மெசின் சத்தம் மாறுச்சுன்னா நாங்க உடனே நிறுத்திப் பாப்போமுங்க. ஓடற வரைக்கும் ஓடட்டும்னு உடமாட்டோம். மனுசனுக்கு வலிக்கறதும் அந்தச் சத்தந்தானுங்க. ஊசி போட்டாச் சத்தந்தான் நிக்கும். அந்தத் தம்பி சத்தம் கேட்டு நின்னுட்டான். அவனைக் கோழைங்கறவங்க நாளைக்கு அவனுக்கு ஒரு காலு வாங்கித் தருவாங்களா?"

அதற்குக் கீழே, பேப்பரில் வந்தது நான் எழுதியது என்று எழுதினேன். நீங்கள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதையும், அதனால்தான் மேசை வேலை கேட்கவில்லை என்பதையும் எழுதினேன். என் பெயரைப் போட்டேன். வியாழக்கிழமை தபாலில் சேர்த்தாயிற்று. பதில் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் என்ன எழுதியிருந்தாலும் படிப்பேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லத்தான் எனக்கு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் வாய் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லவேண்டும்.

எடிட்டர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, அண்ணை.